செயற்கைக்கோள் படம் கறுப்பா, வெளிறலா, ஒரே பச்சையா? அறிகுறி பார்த்துக் கான்ட்ராஸ்ட்டைச் சரிசெய்யும் வழி

சேலம் வட்டாரத்தில் செயற்கைக்கோள் படத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் பல வகை. ஆராய்ச்சி மாணவர்கள், ஏற்காட்டில் எஸ்டேட்டுக்கு வரைபடம் போடுகிறவர்கள், ஏரி சுருங்கியதைக் காட்டப் பழைய படம் தேடுகிறவர்கள் என்று எல்லோரும் கடைசியில் அனுப்பும் செய்தி ஒன்றுதான்: "அண்ணா, படம் தெளிவா இல்ல, கான்ட்ராஸ்ட் ஏத்தணும், எப்படி?" தெளிவாக இல்லை என்பதற்குப் பத்துக் காரணம் இருக்கும், பத்துக்கும் வைத்தியம் வேறு. அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் படம் எப்படித் தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை வைத்தே சொல்கிறேன், அது இலவசம். மற்ற மென்பொருளிலும் இதே விஷயங்கள் வேறு பெயரில் இருக்கும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

இறக்கிய கோப்பை அப்படியே ஒரு ஃபோல்டரில் போட்டுப் பூட்டி வையுங்கள். கான்ட்ராஸ்ட் என்பது திரையில் நடக்கிற வேலை, அதற்காகக் கோப்பில் இருக்கும் எண்ணைத் தொடக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் கீழே வரும் தொல்லைகளில் நிறைய வரவே வராது.

அப்புறம் ஸ்லைடரை இழுப்பதற்கு முன்னால் எண்ணைப் பாருங்கள். ஐடென்டிஃபை கருவியை எடுத்து நான்கு இடத்தில் சொடுக்குங்கள்: ஒரு நீர்நிலை, ஒரு காடு, ஒரு வெறும் மண், ஒரு வெள்ளை வெளேர் இடம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் (எல்2ஏ, அதாவது காற்றின் பாதிப்பை நீக்கிய வகை) 10000 என்றால் விழுந்த ஒளி முழுதும் திரும்பி வந்தது என்று அர்த்தம். அடர்ந்த காடு சிவப்பு பேண்டில் (பேண்ட் என்பது ஒளியின் ஒரு பகுதியை மட்டும் பதிவு செய்த அடுக்கு) 200 முதல் 500 வாக்கிலும் அகச்சிவப்பில் (பி8) 2500 முதல் 4000 வாக்கிலும் நிற்கும். ஆழமான தெளிந்த நீர் எல்லா பேண்டிலும் அடிமட்டத்தில் கிடக்கும். மேகமும் வெள்ளைக்கல்லும் எங்கோ மேலே போகும். புது முறையில் வரும் படங்களில் இவை எல்லாவற்றிலும் 1000 கூடியிருக்கும், அதை வெளிறல் தலைப்பில் சொல்கிறேன். இந்த நான்கு எண்ணும் ஒழுங்காக இருந்தால் படத்தில் கோளாறு இல்லை, காட்டுகிற விதத்தில்தான் கோளாறு. நம்மிடம் வரும் கேஸ்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

அறிகுறி: திறந்தால் படம் முழுக்கக் கறுப்பு

போட்டோ பார்க்கும் செயலியில் மட்டும் கறுப்பு என்றால்

இது கோளாறே இல்லை. சென்டினல்-2, அமெரிக்காவின் லேண்ட்சாட் 8, 9 எல்லாம் 16 பிட் கோப்பாக வருகின்றன, அதாவது 0 முதல் 65535 வரை இடம். சென்டினலில் நம் ஊரின் எண்களோ பெரும்பாலும் 3000, 4000-க்குள் முடிந்துவிடும். சாதாரண போட்டோ செயலி 65535-ஐத்தான் வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும், அப்படியானால் 3000 என்பது இருபதில் ஒரு பங்குகூட இல்லை, கறுப்பாகத்தான் தெரியும். கோப்பை கியூஜிஐஎஸ்ஸில் திறங்கள், வேலை முடிந்தது.

கியூஜிஐஎஸ்ஸிலும் கறுப்பு என்றால்

எளிதில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள். லேயர் பிராப்பர்டீஸ், அதில் சிம்பாலஜி, அதில் மின்–மேக்ஸ் பகுதியைத் திறங்கள். அங்கே மின்–மேக்ஸ் என்றே தேர்வாகி இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. படத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் ஒரு துண்டு மேகம் மேல் எல்லையை 15000-க்குத் தூக்கியிருக்கும், மற்ற ஊரெல்லாம் அடியில் நசுங்கியிருக்கும். அதை கியூமுலேடிவ் கவுண்ட் கட் என்பதற்கு மாற்றுங்கள். 2 – 98 என்று இருக்கும், அதாவது இரு ஓரத்திலும் இரண்டிரண்டு சதவீதப் பிக்சலை விட்டுவிட்டு நடுவில் இருப்பதைத் திரையின் கறுப்பு முதல் வெள்ளை வரை விரிக்கும். இந்த விரிப்பைத்தான் ஸ்ட்ரெட்ச் என்கிறோம்.

அப்படியும் இருட்டாகவே இருந்தால் படத்தின் ஓரத்தைப் பாருங்கள். செயற்கைக்கோள் கடந்த பாதைக்கு வெளியே போன பகுதி 0 என்ற எண்ணோடு இருக்கும். அந்தப் பூஜ்யங்களையும் கணக்கில் சேர்த்தால் கீழ் எல்லை 0-வில் போய் உட்கார்ந்துவிடும். டிரான்ஸ்பரன்சி பக்கத்தில் அடிஷனல் நோ டேட்டா வேல்யூ என்ற இடத்தில் 0 என்று போட்டுவிட்டு மறுபடி விரியுங்கள்.

சிம்பாலஜியின் மின்–மேக்ஸ் பகுதியில் ஆக்சுரசி என்று ஒன்று இருக்கிறது. எஸ்டிமேட் என்று இருந்தால் படம் முழுதையும் பார்க்காமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துக் கணக்குப் போடும். ஆக்சுவல் என்று மாற்றினால் கொஞ்சம் நேரம் பிடிக்கும், எண் சரியாக வரும்.

எங்கே சொடுக்கினாலும் 0 அல்லது நேன் (எண்ணே இல்லை) என்றுதான் வருகிறதா? அப்படியானால் இறக்கம் பாதியில் அறுந்திருக்கிறது. கோப்பின் அளவை இறக்கிய தளத்தில் காட்டும் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

அறிகுறி: படம் வெளிறிக் கிடக்கிறது

பழைய படம் நன்றாக இருக்கிறது, புதுசு மட்டும் வெளிறல்

சென்டினல்-2 பயன்படுத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 ஜனவரி 25 முதல் புதிய செயலாக்க முறையில் ஒவ்வொரு பிக்சலிலும் 1000 கூட்டி வெளியிடுகிறார்கள். காரணம் நியாயமானது. திருத்தத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போகிற இருண்ட இடங்கள் வெட்டுப்படாமல் இருக்கவே இந்தக் கூட்டல். ஆனால் அது தெரியாமல் 2019 படத்தையும் 2023 படத்தையும் ஒரே எல்லை வைத்துப் பக்கத்தில் போட்டால், புதுப் படத்தில் பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கம் ஏதோ புழுதிப் புயல் அடித்தாற்போல் இருக்கும்.

கோப்பின் பெயரைப் பாருங்கள். நடுவில் என் என்ற ஆங்கில எழுத்தோடு நான்கு இலக்க எண் இருக்கும். 0400 அல்லது அதற்கு மேல் என்றால் 1000 கூடியிருக்கிறது. தேதியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய படங்களையும் புது முறையில் மறுபடி செயலாக்கி வெளியிட்டிருக்கிறார்கள், 2018-ல் எடுத்த படத்திலும் இந்த 1000 இருக்கலாம். வெறும் பார்வைக்கு என்றால் கீழ் எல்லையை 1000-ல் வையுங்கள், போதும். கணக்குப் போடுவதற்கு என்றால் ராஸ்டர் கால்குலேட்டரில் 1000 கழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கூகுள் எர்த் எஞ்சினில் எடுக்கிறீர்கள் என்றால் ஹார்மனைஸ்டு என்று பெயர் உள்ள தொகுப்பை எடுங்கள், கழித்தே வைத்திருப்பார்கள்.

லேண்ட்சாட் கலெக்‌ஷன் 2-இன் லெவல் 2 படத்திலும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு: எண்ணை 0.0000275-ஆல் பெருக்கி 0.2-ஐக் கழித்தால்தான் உண்மையான பிரதிபலிப்பு வரும். அதனால்தான் அதில் காடு, தண்ணீர்கூட 7000, 8000 என்று பெரிய எண்ணாகத் தெரிகிறது. பயப்பட வேண்டாம்.

நீல பேண்டில் புகை, அகச்சிவப்பில் தெளிவு

மூன்று பேண்டையும் தனித்தனியாகச் சாம்பல் நிறத்தில் போட்டுப் பாருங்கள். பி2 (நீலம்) மங்கல், பி4 (சிவப்பு) பரவாயில்லை, பி8 (அகச்சிவப்பு) பளிச்சென்று இருந்தால் அது காற்றில் இருக்கும் மூட்டம். டிசம்பர், ஜனவரி காலைகளில் சேலம் பள்ளத்தில் மூட்டம் தேங்கி நிற்கும். ஏற்காட்டிலிருந்து கீழே பார்த்தவர்களுக்குத் தெரியும், நகரம் இருக்கிற இடமே தெரியாது. செயற்கைக்கோள் கடப்பதும் காலை 10.30 – 11 மணி வாக்கில்தான்.

முதல் வேலை, எல்1சி படத்தை வைத்திருக்கிறீர்களா, எல்2ஏ-வா என்று பாருங்கள். எல்1சி என்றால் காற்றின் பாதிப்பு நீக்கப்படாதது, அதே தேதியின் எல்2ஏ-வை இறக்கிவிடுங்கள், பாதிப் பிரச்சினை போய்விடும். எல்2ஏ கிடைக்காத பழைய படம் என்றால் இருண்ட இடத்தைக் கழிக்கும் முறை. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் ஆழமான நடுப்பகுதியில் ஒவ்வொரு பேண்டிலும் என்ன எண் வருகிறது என்று பார்த்து, அந்த எண்ணை அந்தந்த பேண்டின் கீழ் எல்லையாக வையுங்கள். மூக்கனேரியை இதற்கு எடுக்காதீர்கள், ஆழம் குறைவு, பச்சையாகப் பாசி வேறு. மேட்டூரிலும் புது வெள்ளம் கலங்கி வந்திருக்கும் மாதத்தில் இது செல்லாது.

இன்னொன்று. சமவெளியில் எடுத்த கழிப்பு எண்ணை மலைக்கும் சேர்த்துப் போடாதீர்கள். ஏற்காடு 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே மேலே இருக்கும் காற்று மெலிசு. கீழே உள்ள மூட்டத்தின் அளவைக் கழித்தால் மலைக்காடு நீல பேண்டில் பூஜ்யத்துக்கு இறங்கி அசிங்கமான மஞ்சள் கலந்த பச்சையாக மாறும். மலை தனி, ஊர் தனி.

படத்தின் ஒரு பகுதியில் மட்டும் வெளிறல்

மெல்லிய உயர்மேகம். லேண்ட்சாட் 8, 9-இல் பேண்ட் 9, சென்டினல்-2-இல் பி10 (இது எல்1சி-யில்தான் வரும்), இரண்டும் இதைக் காட்டுவதற்கென்றே இருப்பவை. அந்த பேண்டில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் ஸ்ட்ரெட்ச் எதுவும் உதவாது. வேறு தேதி எடுங்கள். சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒரு தடவை வருகிறது, ஒரு படத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கத் தேவையே இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நல்ல படம் கிடைப்பது கஷ்டம், பிப்ரவரி, மார்ச்சில் தேடுங்கள்.

அறிகுறி: வெள்ளை இடங்கள் எரிந்துபோய் விவரமே இல்லை

சேலத்தில் இது கொஞ்சம் கூடுதலாகவே வரும், ஏனென்றால் நம் ஊரில் வெள்ளை நிறைய. மேக்னசைட் ஜங்ஷன் பக்கத்து வெள்ளைக்கல் சுரங்கங்கள், ஜவ்வரிசி ஆலைகளில் மாவு காயப்போடும் களங்கள், தகரக் கூரை போட்ட கிடங்குகள். 2 – 98 வெட்டில் இவையெல்லாம் அந்த மேல் இரண்டு சதவீதத்தில் மாட்டிக்கொண்டு ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும்.

சுரங்கத்தின் மேல் ஐடென்டிஃபை வைத்து நாலைந்து இடத்தில் சொடுக்குங்கள். எண்கள் வேறு வேறாக, 4200, 4900, 5600 என்கிற மாதிரி வந்தால் விவரம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, மேல் எல்லையை மட்டும் ஏற்றினால் குழியின் படிகளும் கழிவுக்கல் மேடும் தனித்தனியாக வெளியே வரும். ஏற்றும்போது ஊர் இருட்டாகும். அதனால் ஒரே லேயரை இரண்டாகப் பிரதி எடுத்து, ஒன்றைச் சுரங்கத்துக்கும் இன்னொன்றைச் சுற்றுப்புறத்துக்கும் தனித்தனியாக விரித்து, சுரங்கத்தின் எல்லையில் வெட்டி மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே சொடுக்கினாலும் 255, 255, 255 என்று வந்தால் நீங்கள் வைத்திருப்பது டிசிஐ கோப்பு. சென்டினல்-2 பொதிக்குள் மூல பேண்டுகளோடு சேர்த்து வருகிற 8 பிட் இயற்கை நிறப் படம் அது, அவசரத்துக்குப் பார்க்க நல்லது, வெள்ளைக்கல்லுக்கு ஆகாது. அதிலிருந்து விவரத்தை மீட்க வழியில்லை. அதே பொதியில் பி4, பி3, பி2 தனியாக இருக்கும், அவற்றை எடுங்கள். மூல பேண்டிலேயே 65535 என்று வந்தால் உணரியே நிரம்பிவிட்டது, அந்த இடத்துக்கு வேறு தேதிதான்.

அறிகுறி: மலையின் ஒரு பக்கம் இருட்டு

சேர்வராயன் மலையில் டிசம்பர், ஜனவரிப் படம் எடுத்தவர்கள் எல்லோரும் சந்திப்பது. அந்த மாதங்களில் செயற்கைக்கோள் கடக்கும்போது சூரியன் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து 50 பாகை உயரத்துக்கும் கொஞ்சம் குறைவாக நிற்கிறது. சேலம் பார்த்த தெற்குச் சரிவு வெளிச்சமாகவும் பொம்மிடி பார்த்த வடக்குச் சரிவு நிழலாகவும் விழும்.

காசு செலவில்லாத தீர்வு மாதத்தை மாற்றுவது. மார்ச் பாதிக்கு மேல், ஏப்ரலில் சூரியன் உயர ஏறிவிடும், நிழல் சுருங்கிவிடும். படத்தோடு வரும் மெட்டாடேட்டாவில் சூரியனின் உயரமும் திசையும் எழுதியிருக்கும், இறக்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம்.

மாதத்தை மாற்ற முடியாது என்றால் காமா. சிம்பாலஜியில் காமாவை 1-க்கு மேலே, 1.3 முதல் 1.6 வரை ஏற்றிப் பாருங்கள். வெளிச்சப் பக்கத்தை அதிகம் கெடுக்காமல் நிழலை மட்டும் தூக்கும். பிரைட்னெஸ் ஸ்லைடரைத் தொடாதீர்கள், அது இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தூக்கி வெளிச்சப் பக்கத்தை எரித்துவிடும். அதற்கும் மசியாத நிழலுக்குப் பகுதி பகுதியாக ஹிஸ்டோகிராமை (எந்த எண் எத்தனை பிக்சலில் இருக்கிறது என்று காட்டும் வரைபடம்) சமப்படுத்தும் முறை இருக்கிறது, கிளாஹி என்பார்கள். ஆர்ஃபியோ டூல்பாக்ஸில் கான்ட்ராஸ்ட் என்ஹான்ஸ்மென்ட் என்ற பெயரில் கிடைக்கும். பார்வைக்கு அருமையாக வரும். ஆனால் அதில் ஒரே எண் உள்ள இரண்டு இடம் இரண்டு நிறத்தில் தெரியும் என்பதை மறக்காதீர்கள். அந்தப் படத்தை வைத்து இங்கே காடு அடர்த்தி, அங்கே குறைவு என்று எழுதினால் தப்பு.

கணக்குக்கே வேண்டும் என்றால் உயர மாதிரியை (இடத்துக்கு இடம் நிலத்தின் உயரத்தைச் சொல்லும் கோப்பு) வைத்து நிலத்தின் சாய்வுக்கான திருத்தம் செய்ய வேண்டும். கிராஸ் மென்பொருளில் ஐ.டோபோ.கார் என்ற கருவி இருக்கிறது. 30 மீட்டர் உயர மாதிரி, சூரியத் திசை, சூரியனின் உச்சிக்கோணம் (90-இலிருந்து சூரிய உயரத்தைக் கழித்தது) மூன்றையும் கொடுத்து முதலில் ஒளிவிழும் வரைபடத்தை உருவாக்கி, பிறகு திருத்தம். கொசைன் முறையைத் தேர்ந்தெடுத்தால் நிழல் சரிவு வெளிச்சச் சரிவைவிடப் பளபளப்பாகி மலை உள்ளே வெளியே திரும்பினாற்போல் ஆகிவிடும், சி திருத்த முறையைப் போடுங்கள். அதற்குப் பிறகும் இரண்டு சரிவிலும் ஒரே வகைக் காட்டின் எண்கள் ஒத்து வரவில்லை என்றால் அதுதான் நிறுத்த வேண்டிய இடம். தொலையுணர்வுத் துறை உள்ள பல்கலைக்கழகத்தில், இந்த வேலையே செய்கிறவரிடம் கொண்டுபோங்கள். உயர மாதிரி படத்தோடு ஒன்றிரண்டு பிக்சல் நகர்ந்திருந்தாலே எல்லாம் கெட்டுவிடும், அதைப் பிடிக்கக் கைப்பழக்கம் வேண்டும்.

அறிகுறி: ஏற்காடு முழுக்க ஒரே பச்சை, காபி எது காடு எது தெரியவில்லை

எனக்கு வரும் கேள்விகளில் மனசுக்கு நெருக்கமானது இதுதான். ஏனென்றால் இதில் படத்தைச் சரிசெய்வதோடு மலையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஏற்காட்டுக் காபி வெயிலில் நிற்பதில்லை, சில்வர் ஓக் மரத்தடியில் நிற்கிறது, மிளகுக் கொடி வேறு மரத்தில் ஏறியிருக்கும். மேலிருந்து பார்க்கிற செயற்கைக்கோளுக்குத் தெரிவது மரத்தின் தலைதான். இயற்கை நிறத்தில் அதுவும் பச்சை, காடும் பச்சை.

முதலில் ஸ்ட்ரெட்ச்சின் பரப்பைச் சுருக்குங்கள். ஒரு சென்டினல்-2 கட்டம் 110 கிலோமீட்டர் அகலம், அகலத்துக்கு ஏற்ற நீளம். அதில் மலையுச்சி ஒரு சின்ன மூலை. முழுக் கட்டத்துக்கும் சேர்த்து 2 – 98 போட்டால் சமவெளிச் செம்மண்ணுக்கும் வயலுக்கும்தான் வேறுபாடு போய்ச் சேரும், மலைக்கு மிஞ்சுவது ஏழெட்டு நிழல்தான். ஸ்டாடிஸ்டிக்ஸ் எக்ஸ்டென்டில் ஹோல் ராஸ்டர் என்பதை கரன்ட் கேன்வாஸ் என்று மாற்றி, ஏற்காடு ஏரியை நடுவில் வைத்து எஸ்டேட் அளவுக்குப் பெரிதாக்கி, அப்ளை கொடுங்கள். அப்படியே கண் முன்னால் மலை பிரியும்: ஏரி கறுப்பாக விழும், ஊர்க் கூரைகள் தனியாகத் துள்ளும், பச்சைக்குள் மூன்று நான்கு பச்சை வரும். அப்டேட்டட் கேன்வாஸ் வேண்டாம், படத்தை நகர்த்தும்போதெல்லாம் நிறம் மாறிக்கொண்டே இருக்கும், நாகலூர்ப் பக்கம் பார்த்த நிறத்தை மஞ்சக்குட்டைப் பக்கம் பார்த்த நிறத்தோடு ஒப்பிடவே முடியாது. நல்ல எல்லை கிடைத்ததும் யூசர் டிஃபைண்டு என்று மாற்றிப் பூட்டிவிடுங்கள்.

அதுவும் போதவில்லை என்றால் பேண்டை மாற்றுங்கள். சிவப்பில் பி8, பச்சையில் பி11, நீலத்தில் பி4. இலையின் அடர்த்தியை பி8-உம் இலையில் இருக்கும் ஈரத்தை பி11-உம் காட்டுவதால் ஒரே பச்சையாக இருந்தது ஆரஞ்சு, செம்பழுப்பு, மஞ்சள் என்று பிரியும். பி11 20 மீட்டர் பேண்ட் என்பதால் சின்னத் தோட்டத்தின் ஓரம் கொஞ்சம் மழுங்கும், பரவாயில்லை.

அடுத்து தேதி. அடிவாரத்திலும் நடுச்சரிவிலும் இருக்கும் காட்டு மரங்களில் நிறைய கோடையில் இலை உதிர்ப்பவை. பிப்ரவரி கடைசி, மார்ச்சில் அந்தச் சரிவுகள் காய்ந்து பழுப்பாகும்போது தோட்டங்களும் பள்ளத்தாக்கில் இருக்கும் பசுமைமாறாக் காடும் பச்சையாகவே நிற்கும். நவம்பர்ப் படத்தில் எந்த ஸ்ட்ரெட்ச் போட்டும் வராத வேறுபாடு மார்ச்சில் சும்மா போட்டாலே வரும்.

இதையெல்லாம் செய்த பிறகும் தோட்டமும் பசுமைமாறாக் காடும் ஒட்டிக்கொண்டே இருந்தால், பேண்டுகளுக்கு இடையே உள்ள ஒட்டுறவை நீக்கி விரிக்கும் முறை ஒன்று உண்டு, டீகோரலேஷன் ஸ்ட்ரெட்ச். நிறங்கள் கண்ணைப் பறிக்கும், ஆனால் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். அந்த நிறத்தை வைத்து எல்லை போடுவதற்கு முன் தோட்டத்துக்கே போய் நின்று ஜிபிஎஸ்ஸில் பத்து இருபது இடமாவது குறித்துக்கொண்டு வாருங்கள். எல்லைத் தகராறு உள்ள நிலம் என்றால் 10 மீட்டர் படத்தில் அதற்குத் தீர்வே இல்லை, சர்வேயரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: படம் முழுக்க ஏதோ ஒரு நிறம் தூக்கலாக இருக்கிறது

மூன்று பேண்டையும் தனித்தனியாக விரித்ததால் வருவது. மூன்றுக்கும் ஒரே கீழ் எல்லை, ஒரே மேல் எல்லை (சென்டினல்-2 என்றால் 1000 – 3500, பழைய முறை என்றால் 0 – 2500) கொடுத்துப் பாருங்கள், கண் பார்க்கும் நிறத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். வரவில்லை என்றால் பேண்ட் வரிசை மாறியிருக்கிறது. சென்டினல்-2, லேண்ட்சாட் 8, 9 இரண்டிலும் இயற்கை நிறத்துக்கு 4, 3, 2. லேண்ட்சாட் 5, 7-இல் 3, 2, 1. காடு ரத்தச் சிவப்பாக இருந்தால் அகச்சிவப்பு பேண்ட் சிவப்பில் உட்கார்ந்திருக்கிறது, கோளாறு அல்ல.

நம் நாட்டு ரிசோர்ஸ்சாட் படத்தை இஸ்ரோவின் பூவன் தளத்திலிருந்து எடுத்து இயற்கை நிறம் வரவில்லையே என்று கேட்பார்கள். அதில் இருக்கும் லிஸ்-3, லிஸ்-4 கேமராக்கள் இரண்டிலும் நீல பேண்டே கிடையாது. இல்லாத நீலத்தை எந்த ஸ்லைடரும் கொண்டுவராது, அந்தப் படத்தைச் செம்மை நிறத்திலேயே படிக்கப் பழகிக்கொள்ளுங்கள், காட்டுக்கும் பயிருக்கும் அதுதான் இன்னும் நல்லது.

அறிகுறி: இரண்டு படம் சேரும் இடத்தில் கோடு

சேலம் மாவட்டத்துக்கு இது எழுதிவைத்த தொல்லை. வரைபட ஆயங்களுக்காக உலகை நெட்டுப் பட்டைகளாகப் பிரிக்கும் யூடிஎம் முறையின் மண்டலங்கள் பிரியும் 78 பாகை தீர்க்கரேகை தாரமங்கலத்துக்கும் ஓமலூருக்கும் நடுவே போகிறது. மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி எல்லாம் 43-ஆம் மண்டலம். சேலம், ஏற்காடு, ஆத்தூர் 44. ஆக மாவட்டம் முழுக்க வேண்டும் என்றால் இரண்டு மண்டலத்துக் கட்டங்களைச் சேர்த்தே ஆக வேண்டும்.

இரண்டும் ஒரே நாள், ஒரே கடப்பில் எடுத்தவையா என்று பாருங்கள். ஆம் என்றால் உள்ளே எண்கள் ஒன்றுதான், கோடு வருவது இரண்டு லேயருக்கும் தனித்தனி எல்லை இருப்பதால். ஒன்றின் ஸ்டைலைக் காப்பி செய்து மற்றதில் பேஸ்ட் செய்யுங்கள், கோடு மறைந்துவிடும். பிறகு இரண்டையும் 32644-க்கு (44-ஆம் மண்டலத்தின் இபிஎஸ்ஜி எண்) மாற்றி ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு விரிப்பதுதான் சரி, விரித்த பிறகு ஒட்டக் கூடாது.

வேறு வேறு நாள் என்றால் கோடு உண்மையானது. இடையில் மழை பெய்திருக்கலாம், அறுவடை நடந்திருக்கலாம். ஹிஸ்டோகிராம் பொருத்தும் முறையில் ஒன்றை மற்றதன் சாயலுக்குக் கொண்டுவரலாம், சுவரில் மாட்டும் வரைபடத்துக்கு அது போதும், கணக்குக்குத் தொடவே கூடாது.

அறிகுறி: நிறம் படிக்கட்டாக விழுகிறது, அல்லது என்டிவிஐ கணக்கு ஏறுமாறாக வருகிறது

என்டிவிஐ என்பது சிவப்பு, அகச்சிவப்பு பேண்டுகளை வைத்துச் செடியின் பசுமையை அளக்கும் குறியீடு. இரண்டும் ஒரே வியாதி. யாரோ ஒருவர் விரித்த படத்தை 8 பிட்டில் சேமித்து, அதையே மூலப் படம் என்று அனுப்பியிருக்கிறார். ஹிஸ்டோகிராமைத் திறங்கள். தொடர்ச்சியாக இருக்க வேண்டியது சீப்புப் பல் மாதிரி இடைவெளி விட்டு விட்டு நின்றால் சந்தேகமே வேண்டாம், இடையில் இருந்த எண்கள் போய்விட்டன.

கியூஜிஐஎஸ்ஸில் எக்ஸ்போர்ட் செய்யும்போது மேலேயே இரண்டு தேர்வு இருக்கும். ரெண்டர்டு இமேஜ் என்றால் திரையில் தெரிவது சேமிக்கப்படும், ரா டேட்டா என்றால் எண்கள் சேமிக்கப்படும். அறிக்கையில் ஒட்ட முதலாவது, மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டாவது. ரெண்டர்டு படத்தை வைத்து என்டிவிஐ போட்டால் பேண்டுக்குப் பேண்ட் எல்லை வேறு என்பதால் ஏரியில்கூடப் பயிர் விளையும். வந்த கோப்பு அப்படிப்பட்டது என்று தெரிந்தால் திருத்த முயற்சிக்காதீர்கள், அனுப்பியவரிடம் மூலக் கோப்பையோ படத்தின் தேதியையோ கேட்டு வாங்கி நீங்களே இறக்குங்கள்.

ஏரி ஆக்கிரமிப்பு போன்ற விஷயத்துக்கு ஆதாரமாகப் படம் கொடுக்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். விரித்த படத்தோடு மூலக் கோப்பையும் மெட்டாடேட்டாவையும், எந்த எல்லை வைத்து விரித்தீர்கள் என்ற குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். எதிர்த்தரப்பு முதலில் கேட்பது இதைத்தான்.

கான்ட்ராஸ்ட் என்று நினைத்து வருகிற, ஆனால் கான்ட்ராஸ்ட் அல்லாதவை

லேண்ட்சாட் 7 படத்தில் சாய்வாகக் கறுப்புக் கோடுகள்: 2003 மே 31 அன்று அதன் ஸ்கேன் வரித் திருத்தி பழுதாகிவிட்டது, அதற்குப் பிந்தைய படங்களில் அந்த இடைவெளி இருந்தே தீரும். அந்தக் காலத்துக்கு லேண்ட்சாட் 5 கிடைக்கிறதா பாருங்கள்.

கஞ்சமலை இரும்புத்தாது, வெள்ளைக்கல் என்று கனிமம் தேடும் புவியியல் மாணவர்கள் ஆஸ்டர் என்ற செயற்கைக்கோள் கருவி எடுத்த படத்தின் குறுஅலை அகச்சிவப்பு பேண்டுகளை எடுப்பார்கள். 2008 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்தவற்றில் அந்த பேண்டுகள் நிரம்பி வழிந்தும் கோடு விழுந்தும் இருக்கும். கருவி சூடேறிப் பழுதானது அது. அதற்கு முந்தைய தேதியைப் போட்டுத் தேடுங்கள், நம் பகுதிக்கு அதுதான் வழி.

அறிகுறி: திரையில் அழகு, அச்சில் இருட்டு

திரை ஒளியை உமிழ்கிறது, தாள் உமிழ்வதில்லை. அச்சுக்குப் போகும் பிரதிக்கு மட்டும் காமாவை 1.2 வாக்கில் ஏற்றி, மடிக்கணினியின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துப் பாருங்கள், அப்போதும் நிழல் சரிவில் விவரம் தெரிந்தால் தாளிலும் தெரியும். ஃபிளெக்ஸ் கடையில் முழு அளவைப் போடச் சொல்வதற்கு முன், மலையும் சுரங்கமும் ஏரியும் வருகிற மாதிரி ஒரு கை அகலத் துண்டை, 1.0, 1.2, 1.4 என்று மூன்று காமாவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதே தாளில் அச்சடித்துக் கேளுங்கள். மூன்றிலும் பச்சை நீலம் பாய்ந்து வந்தால் அவர்களுடைய இயந்திரத்தின் நிற அமைப்புதான் காரணம், நீங்கள் கோப்பைத் தொடாமல் கடையில் இருக்கும் டிசைனரிடம் அந்தத் துண்டையும் உங்கள் திரையையும் சேர்த்துக் காட்டுங்கள்.